ஏலக்காயும் நம் கணையமும்

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று விரிந்து கிடக்கும் தோட்டங்களில் பறித்த ஏலக்காய், உலர்ந்து மூட்டையாகி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிநாயக்கனூருக்கு இறங்குகிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இங்கே நடக்கிறது. காயைச் சலித்துத் தரம் பிரிக்கும் வேலையை நம்பி ஊரில் பல குடும்பங்கள் இருக்கின்றன. இந்த ஊரிலும், இந்த ஊர்க் காய் போய்ச் சேரும் ஊர்களிலும், விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஏலக்காயை வாயில் போட்டு மென்றால் தின்றது செரித்துவிடும் என்று சொல்வார்கள். பெரியவர்கள் சொல்லிவந்த அளவில் அதனால் யாருக்கும் கேடு வந்ததில்லை. இன்று அந்த நம்பிக்கையின் மீது ஒரு சந்தையே எழும்பி நிற்கிறது. ‘செரிமான என்சைம்’ என்று எழுதிய பொடிகளும் மாத்திரைகளும் மருந்துக்கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. சமைத்தால் உணவில் உள்ள என்சைம்கள் செத்துவிடும், ஆகவே எல்லாவற்றையும் பச்சையாகவே தின்னுங்கள் என்று கைப்பேசியில் காணொளிகள் வருகின்றன. இத்தனைக்கும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றே: செரிக்கும் சக்தி வெளியிலிருந்து நமக்கு வந்து சேர வேண்டும் என்பது. அந்த எண்ணம் பிழையானது. நலமாக இருக்கும் உடலில் உணவைச் செரிப்பவை அந்த உடலே தினமும் தயாரித்துக்கொள்ளும் நொதிகள். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏலக்காயை உலர்த்தும் மலை ஸ்டோரிலேயே பாதிச் சான்று கிடைக்கிறது.

என்சைம் என்று நாம் சொல்லும் நொதி ஒரு புரதம். பெரும்பாலும் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி, தனக்கே உரிய ஒரு வடிவத்தில் மடிந்து நிற்கிறது. அந்த மடிப்புகளுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம் இருக்கும். வேலை நடப்பது அங்கேதான். எந்த ரசாயன மாற்றமும் நடக்க வேண்டுமானால் மூலக்கூறுகள் முதலில் ஓர் ஆற்றல் மேட்டை ஏறிக் கடந்தாக வேண்டும். அடிவாரத்து முந்தலிலிருந்து போடிமெட்டு வரை ஏறாமல் பூப்பாறைச் சரிவில் இறங்க முடியாதல்லவா, அந்த மாதிரி. சூடேற்றுவது என்பது வண்டியின் எஞ்சினுக்கு வேகம் கூட்டி மேட்டை ஏறவைப்பது. நொதி செய்வதோ அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே தாழ்வான ஒரு கணவாயைத் திறந்துவிடுவது. புறப்படும் ஊரும் போய்ச் சேரும் ஊரும் மாறுவதில்லை, ஏற்றம் மட்டும் குறைகிறது. வேலை முடிந்ததும் நொதி தேயாமல் மிஞ்சுகிறது. அடுத்த மூலக்கூறைப் பிடிக்கிறது. இந்தக் குறைந்த ஏற்றத்தின் மதிப்பு எவ்வளவு என்பதை 1996இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் உல்ஃபெண்டனும் அவருடன் பணியாற்றியவரும் அளந்து சொன்னார்கள். புரதச் சங்கிலியில் உள்ள இணைப்புகளை, நொதி எதுவும் இல்லாமல், அமிலமோ காரமோ கலக்காத சாதாரணத் தண்ணீரில் அறை வெப்பத்தில் விட்டுவைத்தால், அவற்றில் பாதி அறுபடவே சில நூறு ஆண்டுகள் ஆகும். மதியம் சாப்பிட்ட பருப்பின் இணைப்புகளை நம் குடல் பொழுது சாய்வதற்குள் அறுத்து முடித்துவிடுகிறது. உடலின் சூடு சுமார் 37 டிகிரிதான். கொதிப்பது எதுவும் உள்ளே இல்லை.

வயிற்றுக்குள் ஒரு தீ எரிகிறது, அதுதான் சோற்றைப் பொசுக்குகிறது என்று உலகின் பல நாடுகளில் நெடுங்காலம் நம்பினார்கள். அது உண்மையா என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஒரு விபத்து வழிசெய்தது. 1822இல் அமெரிக்காவின் மேக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலியாளின் வயிற்றில் துப்பாக்கி குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இரைப்பைக்குள் போகும் துளை ஒன்று மூடாமலேயே நின்றுவிட்டது. அவருக்குச் சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்தத் துளை வழியாக இரைப்பை நீரை எடுத்து, கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, இறைச்சித் துண்டைப் போட்டு, உடல் சூட்டிலேயே வைத்திருந்தார். இறைச்சி குப்பிக்குள் கரைந்தது. உடலுக்கு வெளியே, தீயும் இல்லாமல், உயிரும் இல்லாமல் செரிமானம் நடந்தது. ஏழைத் தொழிலாளி ஒருவரின் உடலை ஆண்டுக்கணக்கில் சோதனைக்களமாக வைத்திருந்தது இன்று எந்த மருத்துவ அறநெறிக் குழுவும் ஒப்பாத செயல். அவர் பட்ட சிரமத்தை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது. போமான்ட்டின் நூல் 1833இல் வந்தது. 1836இல் தியோடர் ஷ்வான் இரைப்பை நீரில் வேலை செய்யும் பொருளை அடையாளம் கண்டு பெப்சின் என்று பெயரிட்டார். அது என்ன வகைப் பொருள் என்ற சண்டை இன்னும் 90 ஆண்டு நீடித்தது. 1926இல் ஜேம்ஸ் சம்னர், நம் வேலியோரங்களில் படரும் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஓர் அவரையின் விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதம் என்று காட்டினார். நான்கு ஆண்டு கழித்து ஜான் நார்த்ராப் பெப்சினையும் படிகமாக்கினார். இருவருக்கும் 1946இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடியலாம், எப்படி மடியவே முடியாது என்ற விதியை 1963இல் வரைபடமாக்கித் தந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும். உலகில் எந்த ஆய்வகம் ஒரு புதிய நொதியின் வடிவத்தைக் கண்டாலும் இன்றும் அந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறது.

வடிவம்தான் நொதியின் உயிர் என்பதால், வடிவம் குலைந்தால் வேலை நின்றுவிடும். ஏலமலைக்காரர்களின் பிழைப்பே இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. பறித்த பச்சைக்காயில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். அதைக் கூடையோடு அப்படியே விட்டால் காய்க்குள் நொதிகள் தம் போக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். பச்சையம் சிதையும், காய் வெளுக்கும், விலை விழும். ஆகவே காயைக் கழுவி, பச்சை நிறம் நிற்பதற்காக 2 சதவீத சலவை சோடாக் கரைசலில் 10 நிமிடம் நனைத்து, ஸ்டோருக்குள் தட்டுகளில் பரப்பி, 45இல் தொடங்கி 60 டிகிரிக்குள் அடங்கும் சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் உலர்த்துகிறார்கள். ஈரம் 10 சதவீதத்தை ஒட்டி இறங்குகிறது. சூடு கூடிவிட்டால் வாசனை எண்ணெய் பறந்துபோகும், குறைந்துவிட்டால் நிறம் போகும். ஸ்டோரில் தீயைப் பார்த்துக்கொள்பவரின் கண் அந்த இரண்டுக்கும் நடுவிலேயே இரவு முழுக்க இருக்க வேண்டும். அதே சரிவில் மரங்களில் ஏறியிருக்கும் மிளகு இன்னொரு பாடம். பச்சை மிளகு கறுப்பதற்குக் காரணம் வெயில் என்று நினைக்கிறோம். உண்மையில் தோலில் உள்ள ஒரு நொதி அங்குள்ள ஃபீனால் பொருள்களைக் காற்றோடு சேர்த்துக் கறுக்க வைக்கிறது. உதிர்த்த மிளகைக் கொதிநீரில் ஒரே ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் தோல் செல்கள் உடைந்து கறுப்பு சீராகவும் சீக்கிரமாகவும் ஏறுகிறது. அதையே நீண்டநேரம் கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும், மிளகு பச்சையாகவே காயும். ஏற்றுமதிக்கான உலர் பச்சை மிளகு இந்த முறையில் வருவதுதான். மெட்டைத் தாண்டினால் வரும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் இதே கதை: வாடிய இலையை நசுக்கியதும் இலைக்குள் தனித்தனியே கிடந்த நொதியும் துவர்ப்புப் பொருளும் சந்தித்துச் செம்பழுப்பு நிறம் பிறக்கிறது, போதும் என்ற கட்டத்தில் சூடான காற்று அதை நிறுத்துகிறது. முதலிலேயே ஆவியில் காட்டி நொதியைக் கொன்றுவிட்டால் கிடைப்பது பச்சைத் தேயிலை. நொதிக்கு ஈரம் வேண்டும், ஏற்ற சூழல் வேண்டும், சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் அது திரும்ப எழாது. இவ்வளவையும் பாடப்புத்தகம் இல்லாமலேயே இந்த மலை தெரிந்துவைத்திருக்கிறது.

இந்தத் தகவலோடு நம் வாய்க்குத் திரும்பலாம். சோற்றை மென்றதும் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை வெட்டத் தொடங்குகிறது. மாவுச்சத்தை அதிகம் உண்டு வாழ்ந்த மக்களின் மரபணுத் தொகுப்பில் இந்த உமிழ்நீர் அமைலேஸுக்கான மரபணு கூடுதல் பிரதிகளாக இருக்கிறது என்று 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தானியமும் கிழங்கும் உண்ட முன்னோரின் பழக்கம் மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. விழுங்கிய கவளம் இரைப்பைக்குப் போனதும் அங்குள்ள கடும் அமிலம் அமைலேஸின் வடிவத்தைக் குலைத்து அதன் வேலையை நிறுத்திவிடுகிறது. கவளத்தின் நடுப்பகுதியில் அமிலம் ஊறும் வரை சிறிது நேரம் அது ஓடும், அவ்வளவுதான். அமைலேஸை முடக்கும் அதே அமிலம்தான் பெப்சினுக்கு உகந்த இடம். பெப்சின் புரதத்தைப் பெரிய துண்டுகளாக அறுக்கிறது. அடுத்து முன்சிறுகுடல். கணையம் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீரை அங்கே ஊற்றுகிறது. அதில் உள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்க, பெப்சின் ஓய்ந்து, கணையத்தின் சொந்த நொதிகள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. டிரிப்சினும் கைமோடிரிப்சினும் புரதத்துக்கு, லைபேஸ் கொழுப்புக்கு, கணைய அமைலேஸ் மிச்ச மாவுச்சத்துக்கு. கல்லீரல் அனுப்பும் பித்தநீர் நொதி இல்லை; எண்ணெயை நுண் துளிகளாகப் பிரித்து லைபேஸுக்கு எட்டும்படி செய்வது அதன் பங்கு. கடைசி வெட்டு சிறுகுடல் சுவரின் விரலிகளில் ஒட்டியிருக்கும் நொதிகளுடையது. சர்க்கரையைச் சுக்ரேஸும் பாலின் இனிப்பை லாக்டேஸும் அங்கேதான் உடைக்கின்றன, உடைந்த நொடியில் குடல் உறிஞ்சிக்கொள்கிறது.

இங்கே எழவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இறைச்சியைக் கரைக்கும் இந்த நொதிகள், இறைச்சியால் ஆன நம் கணையத்தையே ஏன் கரைப்பதில்லை? கணையம் புரதம் வெட்டும் நொதிகளை வேலை செய்யாத வடிவத்தில்தான் தயாரிக்கிறது. டிரிப்சினோஜன் என்ற அந்த முன்வடிவம் குடலுக்கு வந்து சேர்ந்த பிறகே, குடல் சுவரில் இருக்கும் எண்டிரோகைனேஸ் என்ற இன்னொரு நொதி அதன் நுனியை நறுக்கி, டிரிப்சினாக எழுப்பிவிடுகிறது. எழுந்த டிரிப்சின் மற்றவற்றை எழுப்புகிறது. இந்த எழுப்பும் நொதியைக் கண்டறிந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யாவில் இவான் பாவ்லோவின் ஆய்வகம். அதுவும் போதாதென்று, தவறிப்போய்க் கணையத்துக்குள்ளேயே ஒரு துளி டிரிப்சின் விழித்துக்கொண்டால் அதைப் பிடித்து அடைக்க ஒரு காவல் புரதத்தையும் கணையம் கூடவே சுரக்கிறது. எஸ்பிஐஎன்கே1 என்ற மரபணு அதற்குரியது. இந்தப் பெயரை நினைவில் வைத்திருப்போம், தென்னிந்தியாவின் ஒரு துயரத்தில் இதற்குப் பங்கு உண்டு.

இனி ஏலக்காயை எடை போடலாம். ஒரு காய் கால் கிராமை ஒட்டி இருக்கும். அதை உலர்த்திய காரணமே உள்ளிருக்கும் நொதிகளை அடக்குவது. அடங்காமல் ஏதேனும் கொஞ்சம் மிஞ்சினாலும் அது இரைப்பை அமிலத்தில் குலைந்து, பெப்சினுக்கு இன்னொரு கவளப் புரதமாகிவிடும். அமிலத்தையும் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நொதி ஏலவிதை முளைப்பதற்காக ஏலச்செடி செய்துவைத்தது, நம் மதியச் சாப்பாட்டை உத்தேசித்துச் செய்ததில்லை. மறுபக்கம் நம் கணையம் தினமும் குடலுக்குள் விடும் நொதிப் புரதம் பல கிராம். கணக்கு எந்த வகையிலும் ஏலக்காய்க்குச் சாதகமாக வரவில்லை. ஆயினும் மென்றவருக்கு வயிறு லேசாகிறதே, அது பொய்யா என்று கேட்டால், பொய் இல்லை. ஏலவிதையின் எண்ணெயில் சினியோல், டெர்பினைல் அசிட்டேட் என்ற மணப்பொருள்கள் நிறைந்திருக்கின்றன. கராச்சியின் ஆகா கான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏலக்காய்ச் சாறு முயலின் குடல் தசைத் துண்டை இறுக்கம் தளரச் செய்வதைக் காட்டினார்கள். இறுக்கிப் பிடித்த குடல் தளர்ந்தால் அடைபட்ட வாயு நகரும், உப்புசம் குறையும். மெல்லும்போது உமிழ்நீர் ஊறும். அது தொண்டை எரிச்சலைத் தணிக்கும். உணவின் மணமும் காட்சியுமே மூளை வழியாக இரைப்பை நீரைச் சுரக்கவைக்கும் என்று பாவ்லோவ் நாய்களிடம் நிரூபித்து 1904இல் நோபல் பரிசு பெற்றார். பாயசத்தில் தட்டிப்போட்ட ஏலக்காயின் மணத்துக்கு அந்த வேலையில் ஒரு பங்கு இருந்தால் வியப்பில்லை. பெரியவர்களின் அனுபவம் சரியானது. அந்த அனுபவத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் மட்டுமே மாற வேண்டும்: ஏலக்காய் குடலைச் சமாதானப்படுத்துகிறது, உணவை வெட்டுவதில்லை.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு மைசூரிலிருந்தே வருகிறது. அங்குள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் கல்பனா பிளாட்டலும் கே. சீனிவாசனும் 1990களிலிருந்து எலிகளுக்குப் பல வாரங்கள் மசாலாப் பொருள்கள் கலந்த தீவனம் கொடுத்து அளந்தார்கள். மிளகின் பைப்பரின், மிளகாயின் கேப்சைசின், மஞ்சளின் குர்குமின், இஞ்சி ஆகியவை கணையத்தில் லைபேஸ் முதலிய நொதிகளின் செயல்பாட்டைக் கூட்டின. பல மசாலாக்கள் பித்தநீர்ச் சுரப்பையும் மாற்றின. ஆகவே ‘மசாலா செரிக்க வைக்கும்’ என்பது வெறும் நம்பிக்கை இல்லை என்று அவர்கள் வாதிட்டார்கள். மதிக்க வேண்டிய, பொறுமையான ஆய்வு அது. அதை ஊன்றிப் படித்தால் இங்கே வைக்கும் வாதத்துக்கே அது துணை நிற்கிறது. மசாலா அங்கே நொதியாக வேலை செய்யவில்லை, எலியின் கணையத்தைத் தூண்டியது. நொதியைச் செய்தது கணையம்தான். அதோடு, நாள்தோறும் உணவில் கலந்து தின்றபோது தெரிந்த மாற்றம், ஒரே தடவை வாயில் ஊற்றியபோது பெரும்பாலும் தெரியவில்லை. விருந்துக்குப் பிறகு அவசரத்துக்கு விழுங்கும் பொடிக்கு இந்த ஆய்வு சாட்சி சொல்லாது. அன்றாட ரசத்துக்கும் குழம்புக்கும் வேண்டுமானால் சொல்லும், அதுவும் எலியிடம் கண்டது மனிதரிடமும் நடக்கிறதா என்று பார்த்த பிறகு.

பச்சையாகத் தின்னச் சொல்பவர்கள் பப்பாளியைக் காட்டுவார்கள். பப்பாளிக்காயின் பாலில் பப்பெயின் என்ற நொதி இருப்பது மெய்யே. ஆட்டுக்கறி மிருதுவாகப் பச்சைப் பப்பாளி அரைத்துப் பூசும் சமையல்காரருக்கு அதன் வலிமை தெரியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பப்பெயின் எடுப்பதற்கென்றே கோ-5 முதலிய ரகங்களைத் தந்திருக்கிறது. இந்த நொதி சட்டியில் வேலை செய்கிறது, காரணம் சட்டியில் அதற்கு நேரமும் ஏற்ற சூழலும் கிடைக்கின்றன. அதே நியாயம் முளைகட்டிய கேழ்வரகுக்கும் உண்டு: முளைக்கும்போது தானியத்துக்குள் பெருகும் அமைலேஸ், கஞ்சி காய்ச்சும்போது மாவை நெகிழ்த்துகிறது; கெட்டியாக இல்லாமலே சத்து கூடிய கஞ்சியைக் குழந்தைக்கு ஊட்ட முடிகிறது. இந்த இரண்டையும் சமையலறையின் சாதனை என்று மனமார ஒப்புக்கொள்ளலாம். ‘சமைத்தால் நொதி சாகும், எனவே செரிக்காது’ என்பதை மட்டும் ஒப்ப முடியாது. பச்சரிசியின் மாவுச்சத்து மணிகளாக இறுகிக் கிடப்பது. வேகும்போதுதான் அது தண்ணீர் குடித்து ஊதி, நம் அமைலேஸுக்கு இடம் கொடுக்கிறது. தேனி மாவட்டத்தில் விரும்பி உண்ணும் மொச்சை முதலான பயறுகளில் டிரிப்சினைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. விதை தன்னைப் பூச்சியிடமிருந்து காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. வேகவைத்தால் அந்தத் தடை பெரும்பாலும் உடைகிறது. பச்சையாகத் தின்றால் நம் நொதியின் கையையே கட்டிவிடும். அடுப்பு செரிமானத்தின் பகைவன் என்று பேசுகிறவர்கள் மனிதகுலத்தின் மிகப் பழைய துணையைப் பழிக்கிறார்கள்.

சரி, தேவைக்கு மேல் கொஞ்சம் நொதி சேர்த்தால் நல்லதுதானே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இதற்கான பதிலை 1973இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டிமாக்னோவும் சகாக்களும் அளந்து வைத்தார்கள். கணையத்தின் நொதிச் சுரப்பு இயல்பில் 10 சதவீதத்துக்கும் கீழே விழுந்த பிறகே கொழுப்பு செரிக்காமல் மலத்தில் வெளியேறத் தொடங்குகிறது. பத்தில் ஒன்பது பங்கை இழந்தும் ஒருவர் சாதாரணமாகச் சாப்பிட்டு வாழ முடியும் என்றால், முழுக் கணையம் உள்ளவர் விழுங்கும் மாத்திரை எந்தப் பள்ளத்தை நிரப்பும்? அதிகம் தின்றதால் வரும் மந்தமும், அவசரமாக விழுங்கியதால் வரும் ஏப்பமும் நொதிக் குறைவால் வருபவை இல்லை. இரைப்பை நிறைந்திருப்பதால், கொழுப்பு மிகுந்திருப்பதால், காற்றை விழுங்கியதால் வருபவை.

குறைவு உண்மையாகவே இருக்கும் இடங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாவிட்டால் இந்த வாதம் அரைகுறையாகிவிடும். பாலில் உள்ள லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கிறது. வளர்ந்த பிறகு மனிதரில் பெரும்பான்மையோரிடம் குறைந்துவிடுகிறது. பெரியவரிடமும் அது தொடரச் செய்யும் மரபணு மாற்றம், ஐரோப்பியரிடம் உள்ள அதே மாற்றம், இந்தியாவில் வடமேற்கில் அதிகமாகவும் தென்கிழக்கு நோக்கி வரவரக் குறைவாகவும் இருப்பதை 2012இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆக, தமிழ்நாட்டில் ஒரு டம்ளர் பால் குடித்ததும் வயிறு ஊதுகிறது என்பவர் நோயாளி அல்லர். அவருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்வதற்குக் காரணம், புளிக்கும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதும், மிச்சத்தை உடைக்கும் நொதியைத் தம் செல்லுக்குள் பத்திரமாக வைத்துக் குடல் வரை கொண்டுபோவதும்தான். வெளியிலிருந்து வரும் நொதி உதவும் உண்மையான இடம் இது. அந்த நொதி அமிலத்தைக் கடக்க ஒரு பாதுகாப்பு உறை தேவைப்படுவதையும் கவனிக்க வேண்டும்.

இன்னும் கடுமையான குறைவைப் பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கேரளத்துக்குப் போக வேண்டும். 1960களில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் அங்கே ஒரு நோயை நூற்றுக்கணக்கானவர்களிடம் கண்டு பதிவுசெய்தார். மது தொடாத, வறுமையில் வளர்ந்த இளம் வயதினர். குழந்தைப் பருவத்திலேயே அடிக்கடி கடும் வயிற்றுவலி. சில ஆண்டுகளில் கணையத்துக்குள் கற்கள். பிறகு சர்க்கரை நோய். எலும்பும் தோலுமாக இளைத்த உடல். வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று அது பெயர் பெற்றது. தமிழ்நாட்டிலும் நோயாளிகள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஏழைகளின் உணவான மரவள்ளிக்கிழங்கில் உள்ள நச்சுப்பொருள்தான் காரணம் என்று முதலில் சந்தேகித்தார்கள். கிழங்கு தின்னாத இடங்களிலும் நோய் வந்ததால் அந்தச் சந்தேகம் நிலைக்கவில்லை. 2002இல் ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்து ஆய்வாளர்கள், மேலே சொன்ன எஸ்பிஐஎன்கே1 மரபணுவின் மாற்றம் இந்த நோயோடு வலுவாகத் தொடர்புடையது என்று கண்டார்கள். கணையத்தின் காவல் தளர்ந்திருக்க, அது தன் நொதியாலேயே தன்னை மெல்ல அரிக்கிறது. மரபணு மட்டுமே முழுக் காரணமும் இல்லை, அந்த மாற்றம் உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. இன்று இதே நிலைக்கு மதுவும் பலரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. புகைப்பழக்கம் சேர்ந்தால் சேதம் இன்னும் விரைவாகிறது.

இவர்களை நினைத்துத்தான் ‘செரிமானப் பொடி’ விளம்பரங்கள் மீது கோபம் வருகிறது. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதப்பதும், சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போவதும், மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவுவதும் கணையம் தோற்பதன் அறிகுறிகள். இவற்றோடு மாதக்கணக்கில் ஓம நீரும் ஏலப்பொடியும் கடைச் சூரணமும் குடித்துக் காலம் கடத்துபவருக்கு, உண்மையான நொதி மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த லைபேஸ், அமைலேஸ், டிரிப்சின் கலவையை நுண் மணிகளாக்கி, அமிலத்தில் கரையாத உறை பூசி, குளிகைக்குள் அடைத்திருப்பார்கள். உறை இரைப்பையைக் கடந்து முன்சிறுகுடலின் தணிந்த சூழலில்தான் கரையும். ஆகவே குளிகையை மென்று தின்னக் கூடாது. வெறும் வயிற்றிலும் கூடாது; உணவின் முதல் கவளத்தோடு தொடங்கி, அளவு பெரிதாக இருந்தால் சாப்பாட்டின் நடுவிலும் பிரித்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், நொதியும் உணவும் ஒன்றாகக் குடலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்.

குறைவு இருக்கிறதா என்று அறிய எளிய வழியும் உண்டு. கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி மற்றவற்றைப் போலக் குடலில் சிதைந்துவிடாமல் பெரும்பாலும் அப்படியே மலத்தோடு வந்துவிடுகிறது. சிறிதளவு மலத்தை ஆய்வகத்தில் கொடுத்தால் ஒரு கிராமில் எத்தனை மைக்ரோகிராம் எலாஸ்டேஸ் என்று அளந்து சொல்வார்கள். 200க்கு மேல் இருந்தால் கணையம் பெரும்பாலும் போதிய அளவு சுரக்கிறது என்று பொருள், 100க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. வயிற்றுப்போக்கில் மலம் தண்ணீராக இருந்தால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதால் கெட்டியான மலத்தையே கேட்பார்கள். ஏற்கெனவே குளிகை எடுத்துக்கொண்டிருப்பவரும் அதை நிறுத்தாமல் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். மனித எலாஸ்டேஸை மட்டும் இனம்காணும்படி அமைந்த சோதனையில் பன்றியின் நொதி கணக்கில் சேராது.